கல்லுப்பட்டி ஜன்னலுக்கு ஓர் எண் உண்டு

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. வானிலை ஆய்வுத் துறை அன்று சொன்ன வேகம் மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120. அந்தக் காற்றில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் என்ன ஆயின, ஓட்டு வீடுகளும் தகரக் கொட்டகைகளும் என்ன ஆயின என்பதை நாடே பார்த்தது.

இன்னோர் எண்ணைச் சொல்கிறேன்: 140. இது எந்தப் புயலிலும் அளந்த வேகம் இல்லை. மதுரை வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் மணிக்கு 140 கிலோமீட்டர் காற்றைக் கணக்கில் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு குறித்திருக்கும் வேகம். கடலோரத்தைப் புரட்டிப்போட்ட கஜாவுக்குத் துறை அன்று சொன்ன வேகத்தைவிட, கடலையே பார்க்காத ஊருக்குச் சட்டப்புத்தகம் சொல்லும் வேகம் 20 கிலோமீட்டர் அதிகம்.

திருமங்கலத்தில் திரும்பி ராஜபாளையம் சாலையைப் பிடித்தால் டி. கல்லுப்பட்டி வரும். கரிசல் காடு, மேற்கே தூரத்தில் மலைத்தொடர், நடுவில் மறைப்பில்லாத சமவெளி. சாலையின் இரு பக்கமும் கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே தகரக் கொட்டகை என்று கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. இங்கே வீடு கட்டும் ஒருவரிடம் புயல் காற்றுக்கு ஜன்னல் தாங்குமா என்று கேட்டுப் பாருங்கள். அது ராமேஸ்வரத்துக்காரரும் கடலூர்க்காரரும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்றுதான் பதில் வரும். கம்பி எத்தனை எம்.எம்., சிமெண்ட் எந்தக் கம்பெனி, மணல் ஆற்று மணலா எம்-சாண்டா என்று ஒவ்வொன்றையும் நோண்டிக் கேட்கிற மனிதர், ஜன்னல் என்று வரும்போது நிறத்தையும் விலையையும் மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

இந்தக் கட்டுரை அந்த அட்வான்ஸுக்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றியது.

வரைபடத்தில் கல்லுப்பட்டி

ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. கட்டடங்களின் மீது காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடுவதற்கான இந்தியத் தரநெறி இதுதான். 1987-இல் வந்த பதிப்பு 2015-இல் திருத்தப்பட்டது. அதில் இந்தியாவையே ஆறு காற்று மண்டலங்களாகப் பிரித்த வரைபடம் ஒன்று இருக்கிறது. வினாடிக்கு 33 மீட்டரில் தொடங்கி 39, 44, 47, 50, 55 வரை போகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கு 39, அதாவது மணிக்கு 140. கல்லுப்பட்டிக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அந்த 39-தான்.

நாள் முழுக்க வீசும் சராசரிக் காற்றின் வேகம் அல்ல இது. திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 3 வினாடி நீடிக்கும் ஒரு வீச்சின் வேகம். 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது என்பார்கள். இந்த 'ஐம்பது ஆண்டு' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றிவிடுகிறது. நம் காலத்துக்கு அப்புறம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறோம். எந்த ஒரு ஆண்டிலும் அந்த வேகத்தைக் காற்று தாண்டுவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்பதே அதன் பொருள். ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் வீட்டுக்கு அதைக் கூட்டிப் பார்த்தால், அந்த வீடு தன் ஆயுளுக்குள் அப்படியொரு காற்றைச் சந்திக்க நூற்றுக்கு 63 வாய்ப்பு உண்டு. பிள்ளைக்கும் பேரனுக்கும் என்று கட்டுகிற வீட்டில் இது சின்ன எண் இல்லை.

2015 திருத்தத்தில் கடலோரத்துக்குத் தனிக் கண்டிப்பு சேர்ந்தது. கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கரையிலும் 60 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குள், புயலுக்குப் பிறகும் இயங்கியாக வேண்டிய மருத்துவமனை, நிவாரண முகாம் போன்ற கட்டடங்களுக்கு வேகத்தை 1.30 மடங்காகவும், தொழிற்சாலைகளுக்கு 1.15 மடங்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லுப்பட்டி அந்தப் பட்டைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே கூடுதல் பெருக்கல் இங்கே இல்லை. அடிப்படைக் கணக்கிலிருந்து மட்டும் யாருக்கும் விலக்கு கிடையாது. மத்திய அரசின் கட்டுமானப் பொருள் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் குழு வெளியிடும் பேரிடர் வரைபட நூலும் 39 மீட்டர் மண்டலத்தை 'மிதமான சேத அபாயம்' என்றுதான் வகைப்படுத்துகிறது. அபாயம் இல்லை என்று சொல்லவில்லை.

கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்ற தைரியத்துக்கு 1977 நவம்பர் ஒரு பதில். அம்மாதம் 12-ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல், தமிழகத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போய் மறுநாள் கேரளக் கரை வழியே அரபிக்கடலில் இறங்கியது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை காற்று அடித்தது. நாகையிலிருந்து திருச்சி நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். கஜாவும் அப்படித்தான், புதுக்கோட்டை, திண்டுக்கல் என்று உள்நாட்டைத் தாண்டி மலையேறிப் போனது. புயல் எந்த வழியாகப் போகும் என்பதை மாவட்ட எல்லை முடிவு செய்வதில்லை.

புயலை விடுங்கள், மதுரைச் சமவெளிக்குச் சொந்தக் காற்று இரண்டு இருக்கிறது. ஒன்று சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடைச் சூறாவளி. பத்து நிமிடம், கால் மணி நேரம்தான். அதற்குள் வாழைத்தோட்டம் சாய்ந்து, தகர ஷீட் அடுத்த தெருவில் கிடக்கும். இன்னொன்று, மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியாக வந்து வாரக்கணக்கில் ஓயாமல் அடிக்கும் ஆடிக்காற்று. முன்னது ஒரே அடியில் உடைக்கும். பின்னது ஆட்டி ஆட்டித் தளர்த்தும். இரண்டாவதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், அதைத்தான் நாம் அறவே கண்டுகொள்வதில்லை.

நாலுக்கு நாலு ஜன்னல் மீது எத்தனை கிலோ?

கணக்கு எளிது, பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். காற்றின் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். 39-ஐ 39-ஆல் பெருக்கினால் 1,521. அதை 0.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 913. நமக்குப் பழகிய கணக்கில் சதுர மீட்டருக்கு 93 கிலோ.

நாலடிக்கு நாலடி ஜன்னல் சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர். அப்படியானால் அதன் மேல் விழுவது 138 கிலோ. வாட்டசாட்டமான இரண்டு ஆட்கள் அந்த ஜன்னலில் தோள் கொடுத்து முட்டுவதற்குச் சமம். சென்னையில் அதே ஜன்னலுக்கு 50-ஐ வைத்துப் போட்டால் 227 கிலோ. வேகம் 39-இலிருந்து 50-க்கு ஏறினால் 28 சதவீதம்தான் கூடுகிறது, அழுத்தமோ 64 சதவீதம் கூடிவிடுகிறது. காற்று 'கொஞ்சம் பலமா' அடித்தது என்று சொல்கிறோமே, அந்தக் கொஞ்சம் கட்டடத்துக்குக் கொஞ்சமில்லை.

வீட்டின் உயரம், சுற்றிலும் மரமும் கட்டடமும் இருக்கிறதா வெட்டவெளியா, ஜன்னல் சுவரின் நடுவில் இருக்கிறதா மூலையை ஒட்டியா என்பதையெல்லாம் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும். நெருக்கமான தெருவுக்குள் தரைத்தளம் என்றால் குறையும். ஊருக்கு வெளியே தோட்டத்து நடுவில் தனியாக நிற்கும் மாடி வீடு என்றால் குறைய வழியில்லை. அதைப் பொறியாளர் பார்த்துச் சொல்வார்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. காற்று எதிர்ச் சுவரைத்தான் தள்ளுகிறது. பக்கச் சுவரையும் பின் சுவரையும் வெளிப்பக்கமாக இழுக்கிறது. சுவரின் மூலைகளை ஒட்டிய இடத்தில் அந்த இழுவை முகப்பில் விழும் தள்ளலையும் மிஞ்சிவிடும். ஆகவே ஜன்னல் வீட்டுக்குள்ளே விழுவது மட்டும் பயமில்லை. வெளியே பிடுங்கிக்கொண்டு போவதும் அதே அளவுக்கு நடக்கும். உள்ளே தள்ளும்போது நிலையின் விளிம்பாவது தாங்கும். வெளியே இழுக்கும்போது தாங்க வேண்டியவை கீலும் தாழ்ப்பாளும் நாலைந்து திருகாணியும்தான்.

ஜன்னல் போனால் கூரை போகும்

ஒரு ஜன்னல்தானே, உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். உடைந்த ஜன்னல் தன் விலையோடு நிற்பதில்லை. காற்றடிக்கும் பக்கத்தில் ஒரு திறப்பு விழுந்ததும் காற்று வீட்டுக்குள் புகுந்து, உள்ளேயிருந்து சுவர்களை வெளியேயும் கூரையை மேலேயும் தள்ள ஆரம்பிக்கிறது. மேலேயிருந்து உறிஞ்சும் காற்று ஒரு பக்கம், கீழேயிருந்து முட்டும் காற்று இன்னொரு பக்கம்.

ஐ.எஸ். 875 இதற்கும் எண் வைத்திருக்கிறது. சுவர்ப்பரப்பில் திறப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் உள் அழுத்தக் கெழு, அதாவது காற்றழுத்தத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண், 0.2. ஐந்துக்கும் இருபதுக்கும் நடுவே போனால் 0.5. இருபதைத் தாண்டினால் 0.7.

கல்லுப்பட்டிக் கடைவீதியில் மாடிக்கு மேலே போடும் பத்தடிக்குப் பதினைந்தடிக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் சுவர், மேலே தகரம், ஒரு பக்கம் பெரிய ஜன்னல், ஒரு கதவு. கூரைப்பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். தகர ஷீட்டின் எடை மொத்தமும் சேர்ந்து 70 கிலோ சொச்சம். கூரைக்கு மேலே உறிஞ்சும் கெழுவை 0.8 என்று வைத்துக்கொண்டால், கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும்போது மேல்நோக்கிய மொத்த இழுவை ஏறக்குறைய 1,300 கிலோ. ஜன்னலும் கதவும் பிய்த்துக்கொண்டு போய்விட்டால் அதே காற்றில், அதே நொடியில், அது 1,950 கிலோவைத் தொடும். 70 கிலோ தகரத்தைக் கீழே பிடித்து வைத்திருப்பவை ஜே-போல்ட்டுகளும் ஸ்குரூக்களும் மட்டுமே. 1,300 கிலோவுக்குத் தாக்குப்பிடித்தவை 1,950-க்குப் பிடிக்குமா?

கான்கிரீட் கூரை போட்டவருக்கு இந்தக் கவலை இல்லை, அதன் எடையே அதைக் காப்பாற்றும். அந்த வீட்டுக்குள் மழையும் கண்ணாடிச் சில்லும் புகுவது வேறு கவலை. தகரம், ஆஸ்பெஸ்டாஸ், ஓடு போட்டிருக்கிறவர்களுக்கோ ஜன்னல் என்பது கூரையின் ஒரு பகுதி.

அமெரிக்கா இந்தப் பாடத்தை 1992 ஆகஸ்ட் 24-இல் படித்தது. தெற்கு ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ சூறாவளி தாக்கிய பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்த பொறியாளர்கள், திரும்பத் திரும்ப ஒரே வரிசையைக் கண்டார்கள். முதலில் கார் ஷெட்டின் அகலமான கதவோ ஜன்னலோ போயிருக்கும். அதன் பிறகு கூரை போயிருக்கும். அதைத் தொடர்ந்துதான் மயாமி-டேட் மாவட்டத்தில் உலகிலேயே கடுமையான ஜன்னல் சோதனைகள் வந்தன. சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குழாயிலிருந்து ஜன்னல் மீது எய்கிறார்கள். கண்ணாடி விரியலாம், ஓட்டை விழக் கூடாது. சோதனை அத்துடன் முடிவதில்லை. அடிபட்ட அதே ஜன்னலை உள்ளேயும் வெளியேயுமாக ஆயிரம் தடவைக்கும் மேல் அழுத்தி இழுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் பொதுத் தரச் சோதனையில் அந்த எண்ணிக்கை 9,000. அதற்கும் நிலையை விட்டு வராமல் நின்றால்தான் விற்க அனுமதி. 2002 மார்ச்சில் ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் விசாகப்பட்டினம். 2014 அக்டோபர் 12, ஹுட்ஹுட் புயல். விசாகப்பட்டினமும் வரைபடத்தில் 50 மீட்டர் மண்டலம்தான், மணிக்கு 180 கிலோமீட்டர். அன்று வந்த காற்றும் அதை ஒட்டியே இருந்தது. புத்தகத்தில் எழுதிய வேகம் நிஜமாகவே ஒரு பெருநகரத்துக்குள் வந்து நின்ற நாள் அது. கண்ணாடி முகப்பு வைத்த கட்டடங்கள் அடுக்கடுக்காகச் சிதறின. விமான நிலைய முனையத்தின் கூரை கிழிந்து, கண்ணாடி நொறுங்கி, சில நாள் நிலையமே மூடிக் கிடந்தது. கட்டட எலும்புக்கூட்டுக்கு, அதாவது தூணுக்கும் உத்தரத்துக்கும், காற்றுக் கணக்கு போட்டிருப்பார்கள். அதன் மேல் மாட்டிய கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் யார் போட்டது? வடிவமைத்தவரா, மாட்டியவரா, விற்றவரா? நம் நாட்டில் ஜன்னல் இந்த மூவருக்கும் இடையில் யாருடைய பொறுப்பும் இல்லாமல் விழுந்து கிடக்கிறது.

ஆடிக்காற்று செய்யும் வேலை

1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி புயல் ஏறக்குறைய துடைத்தெடுத்தது. பிற்பாடு கூரைத் தகடுகளை எடுத்து ஆராய்ந்தவர்கள், பல இடங்களில் தகடு ஒரே இழுவையில் கிழியவில்லை என்று கண்டார்கள். திருகாணியைச் சுற்றி உலோகம் மேலும் கீழும் வளைந்து வளைந்து களைத்து, மெல்லிய விரிசல் விட்டு, கடைசியில் திருகாணி அப்படியே நிற்க, தகடு மட்டும் கழன்று போயிருந்தது. காற்று வீச்சு வீச்சாக வருவதால் ஏற்படும் களைப்பு அது. 1977-இல் டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் புயல் சோதனை நிலையம் ஒன்றைத் தொடங்கியதற்கு ட்ரேசிதான் காரணம்.

நம் ஊரில் ஆடி மாதம் முழுக்க ஜன்னல் கதவு 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கிறதே, அது சாதாரணச் சத்தம் இல்லை. கொக்கி போடாமல் விட்ட ஒரு கதவு ஒரு நாளில் எத்தனை தடவை ஆடும்? கீலில் இருக்கும் ஸ்குரூ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மயிரிழை மயிரிழையாகத் தளர்கிறது. சிமெண்டுப் பூச்சில் பதித்த கிளாம்பைச் சுற்றி விரிசல் விடுகிறது. அடுத்த சித்திரையில் கோடைச் சூறாவளி வரும்போது பிடுங்குவதற்குத் தயாராக இருக்கிறது ஜன்னல். வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி முடிந்ததும், ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் போதும். இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

கிளாம்பும் ராவல் பிளக்கும்

பழைய கல்லுப்பட்டி வீட்டு ஜன்னல்களைப் பார்த்திருக்கிறோம். பருத்த சுவர், சின்னத் திறப்பு, குறுக்கும் நெடுக்கும் இரும்புக் கம்பி, மரப்பலகைக் கதவு, உள்ளே கொண்டி. கண்ணாடியே கிடையாது. காற்றடித்தால் கதவைச் சாத்திக் கொண்டி போடுவார்கள். நிலையைச் சுவர் எழும்பும்போதே நிறுத்தி, இரு பக்கமும் இரும்புக் கிளாம்பு அடித்து, அந்தக் கிளாம்பைச் சுவருக்குள் காரை போட்டுப் புதைத்துவிடுவார்கள். ஜன்னலைப் பிடுங்க வேண்டுமென்றால் சுவரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். பழையது எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்த வீடுகளின் நாட்டு ஓடுகள் காற்றுக்குப் பறந்தவைதான், உள்ளே வெளிச்சமும் குறைவுதான். ஆனால் நிலையைச் சுவரோடு கட்டிப்போட்ட அந்த வேலைமுறையில் குறை சொல்ல இடமில்லை.

இப்போது நடப்பது வேறு. சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, பெயிண்டுக்கு முன்னால் யூபிவிசி அல்லது அலுமினிய ஜன்னல் வண்டியில் வந்து இறங்குகிறது. இரண்டு பேர் தூக்கித் திறப்பில் வைக்கிறார்கள். டிரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டு ராவல் பிளக் செருகி ஸ்குரூ முடுக்குகிறார்கள். இடைவெளியில் ஃபோம் அடித்து, மேலே சிலிக்கான் பூசி, பிளாஸ்டிக் காகிதத்தை உரித்துவிட்டால் பளபளவென்று இருக்கும். அரை மணி நேர வேலை. ஃபோமும் சிலிக்கானும் தண்ணீரையும் தூசியையும் தடுக்கும், ஜன்னலைப் பிடிக்காது. பிடிப்பது ஸ்குரூ மட்டும்தான். அதனால் எத்தனை ஸ்குரூ, எவ்வளவு ஆழம், எதற்குள் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. முறையான வேலையில் மூலையிலிருந்து 15 முதல் 25 சென்டிமீட்டருக்குள் முதல் ஸ்குரூ வர வேண்டும். அதன் பிறகு 60 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி போகக் கூடாது. நாலடி ஜன்னலுக்குப் பக்கத்துக்கு மூன்று. அதுவும் பூச்சுக்குள் நின்றுவிடாமல் செங்கல்லுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ இறங்கியிருக்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் உள்ளே வெறும் பொந்து, சாதாரண ராவல் பிளக் அங்கே எதையும் பிடிக்காது. ஜன்னல் வரும் இடத்தின் ஓரக் கற்களில் முன்கூட்டியே கான்கிரீட் நிரப்பச் சொல்லி மேஸ்திரியிடம் சொல்லிவைக்க வேண்டும்.

யூபிவிசி சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பம் ஒன்று ஓட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் சட்டம் 138 கிலோவுக்கு வளைந்துகொடுத்து, கண்ணாடி பள்ளத்திலிருந்து நழுவிவிடும். விலை குறைத்துக் கேட்கும்போது முதலில் காணாமல் போவது கண்ணுக்குத் தெரியாத அந்த இரும்புதான். மாட்டுவதற்கு முன்னால் ஒரு காந்தத்தைச் சட்டத்தில் ஒட்டிப் பாருங்கள், இரும்பு இருந்தால் பிடிக்கும். சறுக்கு ஜன்னல் என்றால் பலகை தண்டவாளத்திலிருந்து மேலே எழும்பாமல் தடுக்கும் கட்டை இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும். திறப்பு ஜன்னலில் நடுவில் ஒரு கைப்பிடிப் பூட்டு மட்டும் இருந்தால் மேல் மூலையும் கீழ் மூலையும் காற்றுக்கு விரிந்துகொடுக்கும். மூன்று இடத்தில் பிடிக்கும் மல்டி பாயிண்ட் பூட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது.

கண்ணாடியிலும் ஒரு குழப்பம் உண்டு. 'டஃபண்ட் கிளாஸ் போட்டிருக்கோம், உடையாது' என்று கடையில் சொல்வார்கள். சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு பலம் என்பது உண்மை. பறந்து வரும் ஓட்டுத்துண்டு ஓரத்தில் பட்டு அது உடைந்தால், மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டி முழு ஜன்னலும் திறந்துவிடும் என்பதும் உண்மை. ஆளைக் கீறாது, திறப்பை மூடவும் மூடாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி விரிந்தாலும் இடத்தை விட்டுப் போகாது. நம் காரின் முன் கண்ணாடி அதுதான். மாடியில், வெட்டவெளியைப் பார்த்த பெரிய ஜன்னலுக்காவது அதைப் போடலாம் என்பது என் அழுத்தமான கருத்து.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தடிக்கு எட்டடி ரோலிங் ஷட்டரின் மீது, கல்லுப்பட்டிக்கான எண்ணில், விழும் சுமை ஏறக்குறைய 690 கிலோ. ஷட்டர் நடுவில் வயிறு தள்ளியதும் அதன் ஓரங்கள் இரு பக்கச் சேனலிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டையின் நுனிகளில் சேனலை விட்டு வெளியேறாமல் பிடிக்கும் லாக் இருக்க வேண்டும், சேனலும் ஆழமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கார் ஷெட் கதவு என்ன செய்ததோ, அதை இங்கே கடை ஷட்டர் செய்யும். மேலே தகரக் கொட்டகை போட்ட கடைக்காரர் முதலில் ஷட்டரைப் பார்க்க வேண்டும்.

காற்று வரும்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று பாய்ந்து போய்விடும், வீடு தப்பிக்கும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. புயலின் கண் கடந்ததும் காற்று திசையையே மாற்றும். கோடைச் சூறாவளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இப்போதைய பின்பக்கம் அடுத்த நொடி முன்பக்கம். ஆகவே திறக்காதீர்கள். உள் அறைக் கதவுகளையும் சேர்த்துச் சாத்துங்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் செய்த சோதனையில், உள்கதவுகளை மூடி வைத்தாலே கூரை மீது விழும் விசை 30 சதவீதம் வரை குறைவதாகத் தெரிந்தது. செலவில்லாத வேலை. கண்ணாடியில் காகிதப் பட்டை ஒட்டுவது சில்லு சிதறுவதைக் கொஞ்சம் தடுக்கலாம், பலத்தைக் கூட்டாது.

எழுதி வாங்க வேண்டிய எண்

கடையில் என்னவென்று கேட்பது? ஜன்னலின் காற்றுத் தாங்குதிறனுக்கு ஈ.என். 12210 என்ற ஐரோப்பியத் தரத்தை நம் நாட்டுப் பெரிய யூபிவிசி நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. அதில் ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பு 400 பாஸ்கல், இரண்டாவது 800, மூன்றாவது 1,200, நான்காவது 1,600, ஐந்தாவது 2,000. பாஸ்கல் என்பது நாம் மேலே போட்ட சதுர மீட்டருக்கான நியூட்டன்தான். கல்லுப்பட்டியின் 913-க்கு இரண்டாம் வகுப்பு போதாது, மூன்றாம் வகுப்பு வேண்டும். சென்னையின் 1,500-க்கு நான்காவது. கண்ணாடித் தகடும் சட்டமும் மட்டும் சோதித்த சான்றைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது கீல், பூட்டு எல்லாம் சேர்த்து முழு ஜன்னலாகச் சோதித்த சான்று.

தேக்கில் ஆசாரி செய்யும் ஜன்னலுக்கு இந்தச் சான்று கிடைக்காது. அங்கே கிளாம்பின் எண்ணிக்கையும் கீலின் கனமும்தான் சான்று.

கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் இருக்கிறது. கிராமத் தொழில்களுக்காக வாழ்ந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அந்த ஆசிரமத்தில்தான். 1960 ஜனவரி 30-இல் மறைந்த அவர், அறிவியல் கிராமத்துக் கைவினைஞனின் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகப் பாடுபட்டவர். காற்றுக் கணக்கு இன்றுவரை அந்தக் கைக்கு வரவில்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. காற்றுச் சுரங்கம் வைத்து ஆராய்கிறார்கள், புயல் அடித்த ஊர்களுக்குப் போய்ச் சேதத்தை அளந்து எழுதுகிறார்கள். தாழ்வான வீடுகளைப் புயலுக்கு எப்படிப் பலப்படுத்துவது என்று ஐ.எஸ். 15498 என்ற வழிகாட்டி 2004-இலேயே வந்துவிட்டது. திருமங்கலத்திலோ பேரையூரிலோ ஒரு கொத்தனாரிடமோ ஜன்னல் மாட்டும் பையனிடமோ அதை யாரும் தமிழில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர்கள் மீது பழி போடுவது நியாயம் ஆகாது.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் இணையத்தில் விண்ணப்பித்த கையோடு அனுமதி. மக்களுக்கு அலைச்சல் மிச்சம், நல்ல காரியம். அதிகாரி வந்து பார்க்காத வீட்டில் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. அந்த விண்ணப்பப் படிவத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் 'உங்கள் ஊருக்கான காற்று வேகம் இவ்வளவு, ஜன்னலும் கதவும் இத்தனை பாஸ்கல் தாங்க வேண்டும்' என்று ஒரு வரி தமிழில் தானாக வர வேண்டும். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டிக்கொள்ளும் குடும்பத்துக்குக் கொடுக்கும் வரைபடத்தில், நிலைக்கும் ஜன்னலுக்கும் எத்தனை கிளாம்பு, எந்த இடத்தில் என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். ஜன்னலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மதுரை மாவட்டத்துக்காரர்கள் பில்லில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: மூன்றாம் வகுப்பு (1,200 பாஸ்கல்), சட்டத்துக்குள் இரும்பு, பக்கத்துக்கு மூன்று ஸ்குரூ. எழுதித் தர மறுக்கிற கடையில் ஜன்னல் வாங்காதீர்கள்.